மணி அடிச்சாச்சு: பள்ளி மரபுகளை இணையக் கூட்டத்தில் தொடர ஒரு கையேடு

ஆசிரியர் பெயர் வாசிக்க, ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்பதற்குத் திரையில் எந்தக் குறையும் இல்லை. ஒருவர் கூப்பிட, ஒருவர் பதில் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது காணொளிக் கூட்டத்துக்கு இயல்பாக வருகிற வேலை. ஆனால் நானூறு பேர் ஒரே குரலில் பள்ளிப் பாடலைப் பாடுவது அங்கே நடக்காது. எவ்வளவு வேகமான இணைப்பு இருந்தாலும் நடக்காது.

இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் பல கூட்டங்கள் சொதப்புகின்றன. மேடை நிகழ்ச்சி நிரலை அப்படியே எடுத்துத் திரையில் ஒட்டிவிடுகிறார்கள். பேசுகிறவர் பேசிக்கொண்டே இருக்கிறார். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு பாதிப் பேர்கூட வருவதில்லை. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் செய்ய ஏதாவது ஒரு சின்ன வேலை கொடுப்பதுதான் இதற்கு மருந்து. கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டியே இருக்கும்.

எதைக் கொண்டுபோவது, எதை விடுவது

ஒரு தாளில் உங்கள் பள்ளியின் மரபுகளை எழுதுங்கள்: காலைக் கூட்டம், விளையாட்டு விழா, ஆண்டு விழா, பிரிவு உபசார விழா, பழைய மாணவர் கூடுகை, ஓய்வு பெறும் ஆசிரியருக்கான விழா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரி. எந்த ஒரு நிமிடம் இல்லாமல் போனால் ‘இது நம்ம விழா மாதிரியே இல்லையே’ என்று தோன்றும்?

பதில் பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில் இருக்கும். விளையாட்டு விழாவில் அது நூறு மீட்டர் ஓட்டம் இல்லை. ஒவ்வொரு ஹவுஸும் (மாணவர்களைப் பிரித்துவைத்த அணி) தன் நிறத்தோடு நின்று கத்துவதும், புள்ளிப் பலகையில் எண் மாறுவதும்தான். பிரிவு உபசார விழாவில் சிறப்பு விருந்தினர் உரை யாருக்கும் நினைவிருக்காது. ஆட்டோகிராஃப் நோட்டில் ஜூனியர் எழுதிய இரண்டு வரி நினைவிருக்கும். பழைய மாணவர் கூடுகையில் மேடையைவிட மரத்தடிதான் முக்கியம்.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். நேரலையில் நடக்கக்கூடியவை: பெயர் அழைப்பு, வாழ்த்து, விளக்கு ஏற்றுதல், மௌன அஞ்சலி, வினாடி வினா, சின்னக் குழு அரட்டை. முன்பே பதிவுசெய்து காட்ட வேண்டியவை: பாடல், நடனம், பேண்ட் வாத்தியம், அணிவகுப்பு. விட்டுவிட வேண்டியவை: தொடர் ஓட்டம், பந்தி, உடல் நெருக்கம் தேவைப்படும் எதுவும். மூன்றாவது வகையைப் போலி செய்து காட்டாதீர்கள். ‘இதை நேரில் கூடும்போது வைத்துக்கொள்வோம்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதன் மதிப்புக் குறையாது. அறுபது நிமிடக் கூட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு பெரிய மரபுகள் போதும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எப்போதும் மணியில் தொடங்கிப் பாடலில் முடியும் விழா என்றால் இங்கேயும் அப்படியே. தலைமை ஆசிரியர் வழக்கமாகச் சொல்லும் அதே முதல் வாக்கியம் இருக்கட்டும். இடம் மாறிய நிலையில் பழக்கப்பட்ட வரிசைதான் ஆட்களுக்குப் பிடிமானம்.

நேரம், எண்ணிக்கை, கணக்கு

ஜூமின் இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் 100 பேர், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். இந்த வரம்புகள் அவ்வப்போது மாறும் என்பதால் தேதி அறிவிக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடல் நடுவே கூட்டம் அறுந்துபோவதைப் போன்ற அவமானம் வேறில்லை; ஒரு மாதத்துக்காவது கட்டணக் கணக்கு எடுப்பது நல்லது. காசு செலவழிக்க வழியில்லை என்றால் ஜிட்சி மீட் போன்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் கணினியும் திணறும். சின்ன வகுப்புக் கூடுகைக்கு அது சரி, முழுப் பள்ளிக்கு வேண்டாம்.

இருநூறு முந்நூறு பேரைத் தாண்டினால் இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். பங்கேற்பவர்கள் கூட்டத்துக்குள், மற்றவர்கள் யூடியூப் நேரலையில். இதில் மூன்று கண்ணிகள். யூடியூப் சேனலில் நேரலை வசதியை முதல்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம்; விழா நாள் காலையில் போய்த் திறக்க முடியாது. ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் நேரலை அரட்டை அணைந்துவிடும். அடுத்து, நேரலை பார்ப்பவர்களுக்குக் காட்சி சில வினாடிகள் முதல் அரை நிமிடம் வரை பிந்தியே போய்ச் சேரும். ஆகவே ‘எல்லாரும் இப்போது சொல்லுங்கள்’ என்று அவர்களிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் மேடை வெறிச்சோடிப்போகும். அவர்களுக்கான கேள்வியை முன்கூட்டியே போட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பதில்களை வாசியுங்கள்.

பழைய மாணவர்கள் பல நாடுகளில் இருந்தால் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) குறித்து, பக்கத்தில் நான்கைந்து ஊர்களின் உள்ளூர் நேரத்தையும் கிழமையையும் எழுதுங்கள். ஜனவரியில் யூடிசி 12:00 என்பது லண்டனில் பகல் 12, நியூயார்க்கில் காலை 7, சிங்கப்பூரில் இரவு 8, சிட்னியில் இரவு 11. மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடைநேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறில் முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. இடைப்பட்ட வாரங்களில் பழைய கணக்கை நம்பினவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார்கள். ஆண்டுதோறும் அதே கண்டத்துக்காரர்கள் நள்ளிரவில் விழித்திருக்க வேண்டி வராமல், நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றுவதும் நியாயம்.

ஐந்து பேர் வேண்டும்

ஒருவரே தொகுத்து வழங்கி, வீடியோ ஓட்டி, ஆட்களை உள்ளே விட்டு, அரட்டையையும் பார்ப்பது முடியாத காரியம். குறைந்தது ஐந்து பேர் வேண்டும்.

தொகுப்பாளர் பேச மட்டும் செய்வார். தொழில்நுட்பப் பொறுப்பாளர் வீடியோ, ஒலி, மியூட் ஆகியவற்றைப் பார்ப்பார், பேசமாட்டார். வாயில்காப்பாளர் காத்திருப்பு அறையில் வருகிறவர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு உள்ளே விடுவார். அரட்டைப் பொறுப்பாளர் வருகிற செய்திகளில் நல்லவற்றைத் தொகுப்பாளருக்கு அனுப்புவார். ஐந்தாமவர் மாற்று ஆள்: வேறு இடத்தில், வேறு இணைப்பில், இணை ஹோஸ்ட் உரிமையோடு, எல்லா வீடியோக் கோப்புகளையும் தன் கணினியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். தொழில்நுட்பப் பொறுப்பாளர் வீட்டில் மின்சாரம் போனால் அடுத்த நிமிடமே அவர் தொடர வேண்டும். கோப்புகளை கூகுள் டிரைவில் வைத்திருப்பது போதாது. கணினியில் இறக்கியிருக்க வேண்டும்.

ஐவருக்கும் கூட்டத்துக்கு வெளியே தனி வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கட்டும். கூட்டத்தின் அரட்டையிலேயே ‘அடுத்த வீடியோ எங்கே?’ என்று கேட்டு, அது எல்லாருக்கும் போய்ச் சேர்வது வழக்கமான விபத்து.

பள்ளிப் பாடல்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் கெட்டுப்போவது இதுதான்.

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை அடைய 30 மில்லி வினாடி ஆகும். சேர்ந்து பாடுகிறவர்களுக்கு அந்த அளவுத் தாமதம்வரை சமாளிக்கக் கூடியது. அதைத் தாண்டினால் தாளம் இழுக்கத் தொடங்கும். காணொளிக் கூட்டத்தில் தாமதம் எளிதாக 150 மில்லி வினாடியைத் தொடும். அதாவது 50 மீட்டர் தொலைவில் நிற்பவரோடு சேர்ந்து பாடுவது போல. அவர் நமக்காகக் காத்திருக்க, நாம் அவருக்காகக் காத்திருக்க, பாட்டு நத்தையாகிவிடும். போதாததற்கு, யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் குரலை மேலேற்றி மற்றவற்றை அமுக்கும் வேலையையும் மென்பொருள் செய்கிறது.

ஆகவே இரண்டே வழி. முதல் வழி எளிது: ஒரே ஒருவரின் மைக் திறந்திருக்கும், அல்லது ஒரு பதிவு ஓடும், மற்ற எல்லாரும் மியூட்டில், ஆனால் கேமராவைத் திறந்து வைத்து வாய்விட்டுப் பாடுவார்கள். ஒவ்வொருவர் காதிலும் பாட்டு சரியாக விழும். திரையில் எல்லார் வாயும் அசையும். வரிகளைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள். பதிவாக இருந்தால் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது ‘கணினி ஒலியையும் பகிர்’ என்ற பெட்டியைத் தட்டியே ஆக வேண்டும். கூகுள் மீட்டில் பாட்டை பிரௌசர் டேப்பில் திறந்து அந்த டேப்பைப் பகிருங்கள். நேரில் பாடுவதாக இருந்தால் ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் இரைச்சல் நீக்கும் வசதி, நீட்டிப் பாடும் சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக் கத்தரித்துவிடும்.

இரண்டாவது வழி, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவுசெய்து அனுப்ப, அவற்றை அடுக்கிச் சேர்ப்பது. உழைப்பு அதிகம், ஆனால் ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்கு வரும்.

1. வழிகாட்டிப் பதிவு ஒன்றைத் தயாரியுங்கள். சுருதி தரும் ஒரு சுரம், நான்கு எண்ணிக்கை, மூன்று கைதட்டல், மறுபடி நான்கு எண்ணிக்கை, பிறகு பாடல். பின்னால் தாளக்கட்டை போல் ஒரு ‘டிக்’ ஓடிக்கொண்டே இருக்கட்டும். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் பாடுகிறவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

2. பாடுகிறவர் ஒரு கருவியில் வழிகாட்டியை ஹெட்போனில் கேட்டு, இன்னொரு கருவியில் தன்னைப் பதிவுசெய்ய வேண்டும். ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டால் வழிகாட்டிப் பாட்டும் பதிவாகிவிடும். அந்தப் பதிவு பயன்படாது.

3. பதிவில் மூன்று கைதட்டலையும் பாடுபவர் தானும் தட்ட வேண்டும். பின்னால் குரல்களை ஒட்டுவதற்கு அதுதான் அடையாளம். புளூடூத் ஹெட்போனில் கேட்டுப் பாடினால் தாமதம் வருமே என்ற கவலை வேண்டாம். கைதட்டலும் அதே அளவு தாமதமாவதால் ஒட்டும்போது சரியாகிவிடும். ஆனால் அந்த ஹெட்போனின் மைக்கில் பதிவுசெய்யக் கூடாது. அழைப்புத் தரத்துக்கு இறங்கிக் குரல் தகரமாகிவிடும்.

4. போன் படுக்கை வாட்டத்தில், கண் உயரத்தில், ஒரு கை தூரத்துக்குச் சற்று அதிகமாக. ஜன்னல் முகத்துக்கு எதிரே. முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் நிழலுருவமாகிவிடும். மின்விசிறியை நிறுத்தவும். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து வினாடி அசையாமல், ஓசையில்லாமல் இருக்க வேண்டும்.

5. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும்; ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயர்: வகுப்பு, பெயர், குரல் வகை. ‘வீடியோ1’ என்ற பெயரில் முப்பது கோப்பு வந்து நின்றால் தொகுப்பவர் அழுதுவிடுவார்.

6. தொகுக்கும் முன் எல்லா வீடியோவையும் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் வினாடிக்கு மாறாத 30 பிரேமுக்கு மாற்றுங்கள். போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். மாற்றாவிட்டால் முதல் வரியில் ஒட்டியிருந்த உதடு மூன்றாம் நிமிடத்தில் விலகியிருக்கும்.

7. ஒலியைத் தனியே ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அடுக்கித் திருத்திவிட்டு, பிறகு டாவின்சி ரிசால்வ் போன்ற வீடியோ மென்பொருளில் படத்தோடு சேர்க்கலாம். நன்றாகப் பாடும் நான்கைந்து குரலை முன்னால் வையுங்கள். மற்றவை பின்னணியாக இருக்கட்டும். யாரையும் நீக்காதீர்கள். சுருதி விலகிய குரலின் ஒலியைக் குறைத்தாலும் முகம் திரையில் இருக்கட்டும். அது அந்தக் குழந்தையின் பாட்டியும் பார்க்கப்போகிற வீடியோ.

வழிகாட்டியை அனுப்பியதிலிருந்து இரண்டு வாரம் கெடு கொடுங்கள். பாதிப் பதிவுகள் கெடு நாளன்று இரவுதான் வரும். ஆகவே விழாவுக்கும் கெடுவுக்கும் இடையே தொகுப்பவருக்கு முழுதாகப் பத்து நாளாவது இருக்க வேண்டும்.

மணி, பெயர், விளக்கு, மௌனம்

பள்ளி மணியின் நிஜ ஓசையைப் பதிவுசெய்து வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மணியோசை வேண்டாம், முதல் வினாடியிலேயே தெரிந்துவிடும். மைக் முன்னால் மணியை அடித்தால் இரைச்சல் நீக்கி அதன் ரீங்காரத்தை விழுங்கி ‘டொக்’ என்று மட்டும் அனுப்பும். கோப்பாக, கணினி ஒலியோடு பகிர்வதே சரி.

பெயர் அழைப்புக்கு ஆள் ஒன்றுக்கு ஐந்து வினாடி கணக்கு வையுங்கள். நாற்பது பேருக்கு மூன்றரை நிமிடம். மியூட்டைத் தேடி எடுக்கும் தாமதமே பாதி நேரத்தைத் தின்னும் என்பதால் அடுத்து வரும் மூன்று பெயர்களைத் திரையில் காட்டிக்கொண்டே போங்கள். நூறு பேருக்கு மேல் இருந்தால் பெயருக்குப் பதில் ஆண்டைக் கூப்பிடுங்கள். ‘1994 பேட்ச்’ என்றதும் அந்த ஆண்டுக்காரர்கள் கேமராவைத் திறந்து கையசைக்க, அவர்களில் ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும். அழைப்பது அந்தக் காலத்து வகுப்பாசிரியராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் பட்டியலைப் பார்க்காமல் பெயர் சொல்லும் தருணத்துக்காகவே சிலர் வருவார்கள்.

ஒளியைக் கைமாற்றும் மரபு இருந்தால், ‘உங்கள் வலப்பக்கம் இருப்பவருக்கு’ என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவர் திரையிலும் கட்டங்களின் வரிசை வேறு. என் வலப்பக்கம் இருப்பவர் உங்கள் திரையில் கீழே இருப்பார். பெயர் சொல்லியே கைமாற்றுங்கள்: ‘மூத்த மாணவர் தலைவரிடமிருந்து புதிய தலைவருக்கு.’ அறையை முழு இருட்டாக்கினால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்ட முயன்று சுடரை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சிறுவர்களுக்கு மின்கல விளக்கே போதும். பேனா, பேட்டன் போன்ற பொருளைக் கட்டம்விட்டுக் கட்டம் கைமாற்றுவதாகக் காட்ட ஆசை என்றால் அது பதிவு வேலை: ‘இடப்பக்கமிருந்து வாங்கு, வலப்பக்கம் கொடு’ என்று எல்லாருக்கும் ஒரே விதி. தன் முகம் தனக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிவதால் பாதிப் பேர் திருப்பிச் செய்வார்கள். அதைத் தொகுக்கும்போது இடவலம் புரட்டிவிடலாம். சட்டையில் எழுத்து இருந்தால் மட்டும் காட்டிக் கொடுத்துவிடும்.

மறைந்தவர்களுக்கான மௌன அஞ்சலியில் வரும் சிக்கல் வேறு மாதிரி. எல்லாரும் மியூட்டில் இருக்கும்போது திரை செத்த அமைதியாகிவிடுகிறது. பத்தாவது வினாடியில் யாராவது ‘ஹலோ, கேட்குதா?’ என்று குரல் கொடுத்து எல்லாவற்றையும் கெடுப்பார். எவ்வளவு நேரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பெயர்கள் மெல்ல நகரும் படத்தை ஓடவிடுங்கள். கண்ணுக்கு அசைவு இருந்தால் இணைப்பு அறுந்ததாக யாரும் நினைக்கமாட்டார்கள். நேரில் இரண்டு நிமிடம் என்றால் இங்கே ஒன்று போதும்.

கைதட்டலுக்கு மியூட் எதிரி. பதிவுசெய்த கைதட்டலை ஓட்டினால் தொலைக்காட்சித் தொடர் போலாகிவிடும். ஆறேழு பேரைக் கைதட்டும் குழுவாக வைத்து அவர்கள் மைக்கை மட்டும் திறந்து வைக்கலாம். அல்லது காது கேளாதோர் பாராட்டும் முறையில், எல்லாரும் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைக்கலாம். நூறு கட்டங்களில் அது தெரியும்போது நன்றாகவே இருக்கும்.

மரத்தடி

பழைய நண்பர்களை அறுபது பேர் இருக்கும் அறையில் விட்டால் ஒருவர் பேச, ஐம்பத்தொன்பது பேர் கேட்பார்கள். கூட்டத்தைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூம் வசதிதான் இங்கே மரத்தடி. ஓர் அறைக்கு ஐந்து பேர், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம் போக, மிச்சம் அரட்டைக்கு. எட்டுப் பேரானால் இரண்டு பேர் வாயே திறக்காமல் திரும்பி வருவார்கள். மூன்று பேரானால் ஒருவர் இணைப்புப் போனதும் மீதி இருவருக்கு அசௌகரியம்.

கணினியே குலுக்கிப் போடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். முன்பே பட்டியலிட்டு, ஒவ்வோர் அறையிலும் பேச்சைத் தொடங்கத் தெரிந்த ஒருவரை வையுங்கள். ‘இப்போ என்ன பண்றீங்க?’ என்ற கேள்வி வேண்டாம். வேலை இல்லாதவருக்கும் வாழ்க்கை சரியாகப் போகாதவருக்கும் அது சங்கடம். ‘எந்தப் பெஞ்சில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்?’, ‘எந்த மணிக்காகக் காத்திருப்பீர்கள்?’ என்பது போல எல்லாருக்கும் பதில் இருக்கிற கேள்வியைக் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வோர் அறையையும் பேசச் சொல்லாதீர்கள். அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதினால் போதும்.

ஹவுஸ் போட்டி

நேரலையில் வேகப் போட்டி வைக்காதீர்கள். ‘முதலில் கை தூக்கியவர்’ என்பது இணைப்பு வேகத்துக்கான பரிசாகிவிடும். வினாடி வினாவில் கேள்வியைக் காட்டி 30 வினாடி கொடுங்கள். எல்லாரும் தாளில் பெரிதாக எழுதி, சொன்னதும் ஒன்றாகக் கேமரா முன் காட்டட்டும். ஏமாற்ற வழி குறைவு, கூச்சலுக்கு வழி அதிகம்.

உடல் சார்ந்த போட்டிகளை ஒரு வாரம் பரப்புங்கள்: நடந்த தூரம், கயிறு தாண்டிய எண்ணிக்கை, படித்த பக்கங்கள். கூகுள் படிவத்தில் ஹவுஸ், வகுப்பு, எண்ணிக்கை மூன்றும் போதும். மொத்தத்தைக் கூட்டாதீர்கள், பங்கேற்பாளர் சராசரியையும், ஹவுஸில் எத்தனை சதவீதம் பேர் கலந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் புள்ளி கொடுங்கள். மொத்தம் கணக்கிட்டால் பெரிய ஹவுஸ் ஜெயிக்கும். சராசரி மட்டும் பார்த்தால் நன்றாக ஓடும் நான்கு பேரை மட்டும் அனுப்புவார்கள். புள்ளிப் பலகையைத் தினமும் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். கடைசி நாளின் எண்ணை மட்டும் கூட்டம்வரை மறைத்து வையுங்கள்.

விடை கொடுத்தல்

ஆசிரியர் ஓய்வோ, மாணவர் விடைபெறுதலோ, வாழ்த்துகளைத் தலா இருபது வினாடி வீடியோவாக முன்பே வாங்குங்கள். முப்பது பேருக்குப் பத்து நிமிடம், அதுதான் உச்சம். ‘ஏதாவது பேசி அனுப்புங்கள்’ என்றால் இரண்டு நிமிடப் புகழுரை வரும். ‘அவர் உங்களுக்குச் சொன்ன ஒரு வார்த்தை, அல்லது உங்களைத் திட்டிய ஒரு காரணம்’ என்று கேளுங்கள். இருபது வினாடியில் அழகாக முடியும். ஆட்டோகிராஃப் நோட்டுக்குப் பதில் எல்லாரும் திருத்தக்கூடிய ஸ்லைடுகள்: ஒரு மாணவருக்கு ஒரு ஸ்லைடு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தவறி அழிப்பது நடக்கும், ஆகவே தினமும் ஒரு நகல் எடுங்கள். எல்லாருடைய ஸ்லைடிலும் குறைந்தது ஐந்து வரியாவது இருக்கிறதா என்று ஒரு பெரியவர் பார்க்க வேண்டும். காலிப் பக்கம் ஒரு பிள்ளையின் மனதில் நெடுநாள் நிற்கும்.

பாதுகாப்பும் சம்மதமும்

2020-இல் திறந்துகிடந்த கூட்டங்களில் அந்நியர்கள் நுழைந்து ஆபாசத்தைக் காட்டியது உலகெங்கும் நடந்தது. பாஸ்கோடு, காத்திருப்பு அறை, ஸ்கிரீன் ஷேர் ஹோஸ்டுக்கு மட்டும், இந்த மூன்றையும் எப்போதும் இயக்கி வையுங்கள். லிங்கைப் பொதுப் பக்கத்தில் போடாமல், பதிவுசெய்தவர்களுக்கு முந்தைய நாள் அனுப்புங்கள். பழைய மாணவர்கள் பெயரோடு முடித்த ஆண்டை எழுத வேண்டும். அது இல்லாதவரை வாயில்காப்பாளர் கேட்டுத்தான் உள்ளே விடுவார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதிலும் மூன்று தனிக் கேள்வி: கலந்துகொள்ளலாமா, பதிவுசெய்யலாமா, வெளியிடலாமா. முதலாவதுக்குச் சரி என்பவர் மூன்றாவதுக்கு வேண்டாம் எனலாம். பங்கேற்பாளர்களுக்கு இடையே தனி அரட்டையை அணைத்துவிடுங்கள். மாணவரும் பழைய மாணவரும் கலந்த சிறு அறைகளில் பள்ளிக்குத் தெரிந்த பெரியவர் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் போதாது.

ஒத்திகையும் அன்றைய நாளும்

ஒத்திகை இரண்டு. முதலாவது ஒரு வாரம் முன்பு, முழு நிரலும். இரண்டாவது முந்தைய நாள், இணைப்பிடங்கள் மட்டும். பேச்சிலிருந்து வீடியோவுக்கு, வீடியோவிலிருந்து சிறு அறைக்கு என்று மாறும் இடங்களில்தான் தவறு நடக்கும். பேச்சுகளை ஒத்திகை பார்த்து நேரம் போக்க வேண்டாம். வயதான ஆசிரியர்களை அவரவர் கருவியிலேயே, அவரவர் உட்காரப்போகும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு இளையவரோடு சோதியுங்கள்.

அறுபது நிமிட நிரல் இப்படி அமையலாம்: மணி, இரண்டு நிமிட வரவேற்பு, ஏழு நிமிடம் ஆண்டுவாரியாகப் பெயர் அழைப்பு, ஆறு நிமிட வீடியோ, பதினைந்து நிமிடம் சிறு அறை, பத்து நிமிடம் ஹவுஸ் முடிவு, பத்து நிமிடம் விடை கொடுத்தல், ஒரு நிமிட மௌனம், பாடல், மணி. நிமிடக் கணக்கில் மூன்று நான்கு மிச்சமிருக்கும், அது தாமதத்துக்கு. நேரடி உரை என்று ஒன்று கட்டாயம் என்றால் மூன்று நிமிடம். கடைசி மணிக்குப் பிறகு அறையை உடனே மூடாமல் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். கலைந்து போகிற நேரத்தில்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

அன்று ஐவரும் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். கணினிகளில் அப்டேட்டை நிறுத்தி, அறிவிப்பு ஒலிகளை அணைத்து, முடிந்தால் வயர் மூலம் இணைப்பு எடுங்கள். எதிரொலி கேட்டால் ஒரே அறையில் இரண்டு கருவி ஒலியோடு இருக்கிறது என்று பொருள். ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணையுங்கள். வீடியோ விக்கி விக்கி ஓடினால் பகிர்பவரின் பதிவேற்ற வேகம் போதவில்லை. மாற்று ஆள் தன் கணினியிலிருந்து ஓட்டட்டும். யூடியூப் நேரலையில் திரைப்பாடல் ஓடினால் உரிமைக் கோரலால் ஒலி அணைக்கப்படலாம் என்பதால் இடைவேளைக்கும் பள்ளியின் சொந்தப் பதிவையே வையுங்கள்.

இணைப்பு மெதுவாக இருப்பவர்களை மறக்காதீர்கள். கேமராவை அணைத்தால் டேட்டா பல மடங்கு குறையும். ஆகவே ‘எல்லாரும் கேமரா திறந்தே ஆக வேண்டும்’ என்ற கட்டாயம் கூடாது. பாடலுக்கும் பெயர் அழைப்புக்கும் மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கைக்கு

இணைய மரபுகள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் சாகின்றன. காரணம் எளிது: கணக்கு ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும், மணியோசை இன்னொருவர் பழைய போனில் இருக்கும், நிரல் யார் தலையிலோ இருக்கும். பள்ளி அல்லது சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதில் ஒரே ஒரு கோப்புறை. அதற்குள் நிமிடவாரி நிரல், மணி, வழிகாட்டிப் பதிவு, பாடல் வரிகள், சம்மதப் படிவ மாதிரி, எது எந்த நிமிடத்தில் சறுக்கியது என்ற ஒரு பக்கக் குறிப்பு. கடவுச்சொல் இருவரிடம். அடுத்த ஆண்டு நடத்தப்போகும் இருவர் இந்த ஆண்டே ஐவர் குழுவில் இருந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் கைவராது.

இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் ஒரு கடிதம்: நன்றி, பாடல் வீடியோவின் லிங்க், அடுத்த கூட்டத்தின் தேதி, பிறகு ஒரே ஒரு கேள்வி, ‘எது இல்லாமல் குறையாக இருந்தது?’ முழுப் பதிவையும் அனுப்பாதீர்கள், யாரும் பார்க்கமாட்டார்கள். வருகிற பதில்களில் பாதி ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். அவற்றைக் கோப்புறையில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு ஆண்டாவது நிரலை மாற்றாமல் நடத்துங்கள். மூன்றாம் ஆண்டும் அதே குறையை யாராவது எழுதினால் அப்போது மாற்றலாம்.